முகாமில் எல்இடி மாற்றியாயிற்று, இப்போது என்ன கோளாறு? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சிங்கப்பூர்ப் படை முகாம்களில் விளக்குப் பராமரிப்பு வேலை பார்க்கிறவன் நான். எந்த முகாம் என்று கேட்காதீர்கள், கேட்டாலும் சொல்லக் கூடாது. கீழே எழுதியிருப்பதில் பாதி பள்ளிக்கூடத்திலும் தொழிற்சாலையிலும்கூட வரும். மீதிப் பாதிதான் படைக்கே உரியது, அதைத்தான் கொஞ்சம் நீட்டி எழுதியிருக்கிறேன்.

பழைய டியூப்பை எல்இடியாக மாற்றும் இந்த வேலை ஏன் இவ்வளவு வருகிறது என்றால், 2021இல் தொடங்கிய கிரீன்கவ்.எஸ்ஜி திட்டப்படி அரசாங்கத் துறைகள் 2030க்குள் மின்சாரத்தை 2018 முதல் 2020 வரையிலான சராசரியிலிருந்து 10 விழுக்காடு குறைக்க வேண்டும். இன்னொரு பக்கம், பாதரசம் பற்றிய மினமாத்தா உடன்படிக்கை நாடுகள் 2023இல் கூடி, ஃபுளோரசன்ட் டியூப் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்த முடிவெடுத்துவிட்டன. பழைய 36 வாட் டியூப்போடு, அதன் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக் தின்பதையும் சேர்த்தால் ஒன்றுக்கு 44 வாட் போல ஆகும். அதே நீளமுள்ள எல்இடி 16 வாட்டில் முடிந்துவிடும். கணக்கு இனிக்கத்தான் செய்கிறது. மாற்றிய மறுநாள் காலையில்தான் என்சிக், அதாவது வாரண்ட் அதிகாரி, கூப்பிடுவார்.

அப்படிக் கூப்பிட்ட இடங்களில் புது விளக்கே பழுதாக இருந்தது குறைவு. பழைய சாமான் ஏதாவது உள்ளே விட்டுப்போயிருக்கும். இல்லாவிட்டால் பழைய விளக்கு வெளிச்சம் தந்ததோடு வேறு ஒரு வேலையையும் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கும், அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

கை வைப்பதற்கு முன்

எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர் இல்லாமல் வயரிங்கைத் தொடாதீர்கள். பெர்மிட் வாங்கி, டிபி என்னும் மின்பகிர்வுப் பெட்டியில் பிரேக்கரை இறக்கிப் பூட்டுப் போட்டு, டெஸ்டரை முதலில் ஓடுகிற லைனில் சோதித்து, பிறகு விளக்கு மாட்டும் ஃபிட்டிங்கில் வைத்துப் பார்த்து, திரும்பவும் ஓடுகிற லைனில் சோதியுங்கள். டெஸ்டரே செத்துப்போயிருந்தால் எல்லா லைனும் செத்ததாகத்தான் காட்டும்.

அப்புறம், முகாமில் கட்டுப்பாடு மிகுந்த சிவப்பு மண்டலத்தில் கேமரா உள்ள கைப்பேசிக்கு அனுமதி இல்லை. டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்து பார்க்கலாம் என்பதெல்லாம் நடக்காது. சட்டைப்பையில் 555 என்ற சின்ன நோட்டு ஒன்றும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். மாடல் எண், வாட், வோல்ட், எந்த பிரேக்கரில் எத்தனை விளக்கு என எல்லாவற்றையும் கையால் எழுத வேண்டும். எதை எழுதி வெளியே கொண்டுபோகலாம் என்பதையும் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அறிகுறி: டியூப் எரியவில்லை, அல்லது போட்டவுடன் ‘டப்’

முதலில் டியூப்பின் மேல் அச்சடித்திருக்கும் படத்தைப் பாருங்கள். எல்இடி டியூப் எல்லாம் வெளியில் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே வேறு வேறு. ஒருவகையில் லைனும் நியூட்ரலும் ஒரே முனையின் இரண்டு ஊசிகளுக்கு வரும். இன்னொரு வகையில் ஒரு முனைக்கு லைன், மறு முனைக்கு நியூட்ரல். மூன்றாவது வகை பழைய இரும்புச் சோக்கை அப்படியே வைத்துக்கொண்டு, ஸ்டார்ட்டரை மட்டும் கழற்றிவிட்டு, டியூப்போடு வரும் போலி ஸ்டார்ட்டரைப் போட்டால் எரிவது. போலி ஸ்டார்ட்டரை மறந்து பழையதையே விட்டுவிட்டால் டியூப் விட்டு விட்டு மின்னும், அல்லது எரியாமலே இருக்கும்.

இந்த மூன்றாவது வகை டியூப்பில் பெரும்பாலும் ஒரு முனையின் இரண்டு ஊசிகளும் உள்ளேயே ஒன்றாகச் சேர்ந்திருக்கும். ஒரே முனைக்கு லைனும் நியூட்ரலும் கொண்டுவந்த ஃபிட்டிங்கில் அந்த முனையைக் குத்தினால் நேரடி ஷார்ட் சர்க்யூட். அந்த ‘டப்’ இதுதான். ஸ்டோரில் இரண்டு வகை டியூப்பும் ஒரே அட்டைப்பெட்டியில் கிடந்தால் இது நடந்தே தீரும்.

ஃபிட்டிங்கில் இருப்பது இரும்புச் சோக் இல்லை, எலக்ட்ரானிக் பாலஸ்ட் என்றால் போலி ஸ்டார்ட்டர் வழி செல்லாது. பாலஸ்டைக் கழற்றி நேர் லைன் கொடுக்க வேண்டும். கழற்றிய எல்லா ஃபிட்டிங்கிலும் ‘எல்இடி மட்டும், நேர் 230 வோல்ட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒருவர் ஸ்டோரில் கிடந்த பழைய ஃபுளோரசன்ட்டை அதில் மாட்டுவார். அது வெடித்துச் சிதறினால் ஏணியில் நிற்பது அவர்தான்.

அறிகுறி: பிரேக்கர் விழுகிறது

எப்போது விழுகிறது என்று கேளுங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

சுவிட்சைப் போடும் அந்த நொடியில் மட்டும் எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் விழும் பிரேக்கர்) விழுந்தால் தொடக்க மின்னோட்டத்தைச் சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு எல்இடி டிரைவரும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரை நிரப்ப ஒரு கணத்துக்கு மிகப் பெரிய மின்னோட்டத்தை இழுக்கும். ஓடும்போது அரை ஆம்பியர்கூட எடுக்காத டிரைவர், ஒரு மில்லி நொடியின் சிறு பங்கில் பல பத்து ஆம்பியர் எடுக்கலாம். ஓடும் வாட்டை மட்டும் கூட்டிப் பார்த்து ‘ஒரு பிரேக்கரில் இன்னும் நிறைய போடலாம்’ என்று சேர்த்துக்கொண்டே போனவர்கள் மாட்டுவது இங்கேதான். பி வகை எம்சிபி, தன் அளவைப்போல 3 முதல் 5 மடங்கில் சட்டென்று விழும். சி வகை 5 முதல் 10 மடங்கில்தான் அப்படி விழும். சி வகைக்கு மாற்றலாமா என்பதை உரிமம் பெற்றவர் கேபிளையும் எர்த் பாதையையும் பார்த்து முடிவு செய்யட்டும். இல்லாவிட்டால் விளக்குகளை இரண்டு மூன்று குழுவாகப் பிரியுங்கள். ஒரு எம்சிபியில் எத்தனை டிரைவர் போடலாம் என்று நல்ல தயாரிப்பாளர்கள் அட்டவணையே தருகிறார்கள்.

நேரம் காலம் இல்லாமல் ஆர்சிசிபி (எர்த்துக்கு மின்சாரம் கசிந்தால் விழும் பிரேக்கர்) விழுந்தால் அது கசிவு. ஒவ்வொரு டிரைவரும் கொஞ்சம் மின்னோட்டத்தை எர்த்துக்கு விடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15ஐத் தாண்டினாலே விழலாம், அதனால் சாதாரணமாக ஓடும்போது மொத்தக் கசிவை 9 மில்லி ஆம்பியருக்குள் வைத்துக்கொள்வது வழக்கம். கசிவு அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் பத்து நிமிட வேலை. மழை பெய்தால் மட்டும் விழுகிறதென்றால் மீட்டரை வைத்துவிட்டு வெளிச்சுவர் ஃபிட்டிங்குகளைத் திறந்து பாருங்கள். தண்ணீர் இருக்கும். சில சமயம் பல்லி இருக்கும்.

ஒன்றை மறக்கக் கூடாது. பழைய ஃபிட்டிங்குகளில் பவர் ஃபேக்டருக்காக (இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலைக்காகிறது என்ற விகிதம்) ஒரு கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். சோக்கை எடுத்துவிட்டு அதை விட்டுவிட்டால் அது சும்மா கிடந்து பவர் ஃபேக்டரை எதிர்ப்பக்கம் இழுக்கும், தொடக்க மின்னோட்டத்தையும் கூட்டும். கழற்றுங்கள். கழற்றும் முன் அதில் தங்கிய மின்சாரம் இறங்கிவிட்டதா என்று பாருங்கள்.

அறிகுறி: அணைத்த பிறகும் மங்கலாக எரிகிறது

விளக்கணைத்த பிறகு படையினர் தங்கும் பங்க்கில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தால் டியூப் நிலா வெளிச்சம்போல ஒளிர்ந்துகொண்டிருக்கும். பயிற்சித் தீவான தெக்கோங்கின் பேய்க் கதைகளைக் கேட்டு வளர்ந்த பையன்களுக்கு இது போதும். ஒருமுறை என்னோடு வந்த தம்பி, “அண்ணே, லைட்ட ஆஃப் பண்ணிட்டு இங்க நிக்கவா?” என்று கேட்டான். நின்றால்தான் தெரியும் என்றேன்.

காரணம் மூன்றில் ஒன்று. சுவிட்ச் லைனை வெட்டாமல் நியூட்ரலை வெட்டுகிறது. இதை உடனே சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் அணைத்த பிறகும் ஃபிட்டிங்கில் 230 வோல்ட் நிற்கிறது. அல்லது சுவிட்சிலேயே சின்ன நியான் காட்டி இருக்கிறது, அதன் வழியே கசிகிறது. அல்லது மாடிப்படியில் மேலும் கீழும் இருவழி சுவிட்ச் போட்டு, வயர்கள் நெடுந்தூரம் ஒட்டியே ஓடுகின்றன. உயிருள்ள வயர் பக்கத்து வயரில் கொஞ்சம் வோல்டேஜை ஏற்றிவிடுகிறது. பழைய டியூப்புக்கு அந்தத் துளி மின்சாரம் ஒரு பொருட்டே இல்லை. எல்இடிக்கு அதுவே போதும். கடைசி இரண்டுக்கும் விளக்குக்குக் குறுக்கே அதற்கென்றே விற்கும் சின்னக் கெப்பாசிட்டர் பெட்டி ஒன்றைப் போட்டால் தீர்ந்தது.

அறிகுறி: கண் கூசுகிறது, தலை வலிக்கிறது, மெஷின் நிற்பதுபோலத் தெரிகிறது

மலிவு டிரைவர் என்றால் வெளிச்சம் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கைப்பேசிக் கேமராவில் பார்த்தால் பட்டை பட்டையாகத் தெரியும் என்பார்கள். நமக்குக் கேமரா இல்லை. அதனால் பென்சிலை இரண்டு விரலால் பிடித்து விளக்குக்கு முன்னால் வேகமாக விசிறுங்கள். ஒரே மங்கல் விசிறியாகத் தெரிந்தால் நல்ல டிரைவர். பல பென்சில்கள் தனித்தனியாக நிற்பதுபோலத் தெரிந்தால் மினுக்கல் இருக்கிறது.

அலுவலக அறையில் இது தலைவலி. பணிமனையில் ஆபத்து. சுற்றுகிற கடைசல் இயந்திரமோ மின்விசிறியோ நிற்பதுபோலவோ மெதுவாகச் சுற்றுவதுபோலவோ தெரியும். 2015இல் வந்த, ஐட்ரிபிள்இ என்ற பொறியாளர் அமைப்பின் 1789 பரிந்துரைப்படி, 100 ஹெர்ட்ஸில் ஏற்ற இறக்கம் 8 விழுக்காட்டுக்குள் இருந்தால் அபாயம் குறைவு. டெண்டரில் இந்த எண்ணை எழுதிக் கேட்டால் மலிவு டிரைவர் தானாகவே ஒதுங்கிவிடும்.

அறிகுறி: வானொலியில் இரைச்சல்

இனி வருவதுதான் முகாமுக்கே உரிய பகுதி.

சிக்னல் ஸ்டோரில் டியூப்களை மாற்றிய வாரத்தில், வானொலிப் பெட்டிகள் இரைகின்றன என்று கூப்பிட்டார்கள். விளக்கையும் வானொலியையும் யாரும் சேர்த்து யோசிக்கவில்லை. நானும்தான். ஆன்டெனா, பேட்டரி என்று அரை நாள் ஓடியது. கடைசியில் தேநீர் இடைவேளைக்கு யாரோ விளக்கை அணைத்தார்கள், இரைச்சலும் நின்றது.

எல்இடி டிரைவர் ஒரு சுவிட்சிங் பவர் சப்ளை. நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டித்தான் அது வேலை செய்கிறது. வடிகட்டி சரியில்லையென்றால் அந்த வெட்டுகளின் எச்சம் தரைப்படை வானொலிகள் ஓடும் 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் பகுதிவரையும் அதற்கு மேலும் போகும். சீலிங்கில் ஓடும் வயரே அதற்கு ஆன்டெனா. அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2018 ஆகஸ்டில் கப்பல்களுக்கு இதே எச்சரிக்கையை விட்டது. மாஸ்டில் மாட்டிய எல்இடி விளக்குகளால் விஎச்எஃப் வானொலியும், 162 மெகாஹெர்ட்ஸ் அருகில் ஓடும் ஏஐஎஸ் கப்பல் அடையாளக் கருவியும் கெட்டன என்று. கடற்படைத் தளத்தில் வேலை பார்ப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் சொன்ன சோதனை எளிது, முகாமிலும் செல்லும். எல்லா எல்இடியையும் அணையுங்கள். வானொலியை யாரும் பேசாத அலைவரிசையில் வையுங்கள். இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழைத் திருப்பி, இரைச்சல் கேட்கத் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அது அடங்கும் வரை இம்மி பின்னால் கொண்டுவாருங்கள். இப்போது விளக்கைப் போடுங்கள். இரைச்சல் திரும்பி வந்தால் விளக்குதான் குற்றவாளி. ஒவ்வொரு பிரேக்கராகப் போட்டுப் பார்த்தால் எந்த வரிசை என்றும் தெரிந்துவிடும். வானொலியைத் தொடுவது நாமல்ல, அதற்குரிய சிக்னல் ஆள். நாம் சுவிட்ச் பக்கம் நிற்போம்.

தீர்வில் நான் போகும் வரிசை இது: டிரைவரின் உலோக உறை எர்த் ஆகியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். அடுத்து, டிரைவருக்குப் போகும் வயரிலும் வரும் வயரிலும் இரைச்சலை மட்டுப்படுத்தும் ஃபெரைட் வளையம் மாட்டிப் பார்ப்பேன். கொஞ்சம் குறையும், முழுதும் போகாது. கடைசியில் டிரைவரையே மாற்ற வேண்டி வரும். விளக்குகள் கிளப்பும் வானொலி இரைச்சலுக்கு எல்லை வைக்கும் சிஸ்பர் 15 சான்றிதழ் கேளுங்கள், ஆனால் அது கடைக்கும் வீட்டுக்கும் போதுமான அளவு. நுண்ணிய வானொலி ஏற்பி பக்கத்தில் இருக்கும் அறைக்கு அதற்கு மேல் கேட்க வேண்டும். முதலில் இரண்டே விளக்கை மாட்டி, ஒரு வாரம் ஓடவிட்டு, சிக்னல் ஆட்கள் சரி என்ற பிறகு மீதியை வாங்குங்கள். இருநூறு டியூப் வாங்கி மாட்டிய பிறகு கழற்றுவது எப்படிப்பட்ட அவமானம் என்று எனக்குத் தெரியும்.

அறிகுறி: விளக்கு எரிகிறது, விமானிக்கு மட்டும் தெரியவில்லை

உயரக் கம்பம், தண்ணீர்த் தொட்டி, கட்டட உச்சி ஆகியவற்றில் சிவப்புத் தடை விளக்கு இருக்கும். பழையது இழை பல்பு. எல்இடியாக மாற்றினால் கீழிருந்து பார்க்கும் நமக்கு முன்பைவிடப் பளிச்சென்று தெரியும். இரவுப் பார்வைக் கண்ணாடி போட்டுப் பறப்பவருக்கு அது இல்லாமலே போகலாம்.

இழை பல்பு, கண்ணுக்குத் தெரியும் சிவப்போடு அகச்சிவப்பையும் ஏராளமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. சிவப்பு எல்இடி ஏறக்குறைய 610 முதல் 640 நானோமீட்டர் என்ற குறுகிய பட்டையில் மட்டும் ஒளிரும். விமானிகளின் கண்ணாடியோ, காக்பிட் விளக்குகள் கூசாதபடி கீழ் அலைநீளங்களை வெட்டிவிடும்: ஏ வகை 625 நானோமீட்டர் வாக்கில், பி வகை 665 வாக்கில். புது விளக்கின் வெளிச்சம் பெரும்பாலும் வெட்டப்பட்ட பக்கத்தில் விழுந்துவிடுகிறது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2009லேயே இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. பிறகு, தடை விளக்குக்குள் 800 முதல் 900 நானோமீட்டரில் ஒளிரும் அகச்சிவப்பு எல்இடியும் இருக்க வேண்டும் என்று வரையறை கொண்டுவந்தது.

எனவே டேட்டா ஷீட்டில் அகச்சிவப்பு என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், எத்தனை கேண்டெலா வெளிச்சம் என்று போட்டிருந்தாலும் அந்த விளக்கு வேண்டாம். இருந்தாலும் பறக்கும் பிரிவின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் பழையதை இறக்காதீர்கள். அகச்சிவப்புப் பகுதி மட்டும் செத்துப்போனால் கீழே நிற்கும் நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது என்பதால், அதை எப்படிச் சோதிப்பது, யார் சோதிப்பது என்பதையும் அந்த ஒப்புதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

அறிகுறி: மின்சாரம் போனதும் அவசர விளக்கும் போய்விட்டது

ஃபிட்டிங்குக்குள் இருக்கும் பேட்டரி பேக் ஃபுளோரசன்ட்டுக்கென்று செய்தது. மின்சாரம் போனால் டியூப்பைப் பற்றவைக்கும் வகையில் அது மின்சாரம் கொடுக்கும். நேர் லைன் எல்இடி டியூப்புக்கு அது புரியாது. எல்இடிக்கான பேக்காக மாற்றி, அவசர விளக்குக்கான சிங்கப்பூர்த் தரமான எஸ்எஸ் 563 கேட்கிறபடி சோதித்துப் பதிவு செய்யுங்கள். பச்சைக் காட்டி எரிவதை வைத்து நம்பாதீர்கள், அது சார்ஜ் ஏறுவதைத்தான் சொல்கிறது. பிரேக்கரை இறக்கி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.

இன்னொன்று: இந்த ஃபிட்டிங்குக்குச் சுவிட்ச் வழியே வராத ஒரு லைன் எப்போதும் வந்துகொண்டிருக்கும். சுவிட்சை அணைத்துவிட்டுக் கை வைப்பவருக்கு அது தெரியாமல் போகலாம்.

அறிகுறி: வேலி விளக்குகள்

சிங்கப்பூரில் வருடத்துக்குச் சராசரியாக 168 நாள் இடி மின்னல். பழைய சோடியம் விளக்கின் இரும்புப் பாலஸ்ட் அதைத் தாங்கிக்கொண்டு கிடந்தது. புது டிரைவர் தாங்காது. மழைக்கு மறுநாள் ஒரு வரிசையே செத்திருந்தால் மின்னழுத்த எழுச்சிதான். கம்பத்திலும் டிபியிலும் எழுச்சித் தடுப்பான் போடுங்கள், எர்த்தை அளந்து பாருங்கள். மாலையில் எரிந்து அணைந்து எரிந்து அணைந்தால் விளக்கின் வெளிச்சம், இருட்டை உணர்ந்து விளக்கைப் போடும் அதன் போட்டோசெல்லிலேயே விழுகிறது. செல்லைத் திருப்பி வையுங்கள். இங்கே சூரியன் மறையும் நேரம் வருடம் முழுவதும் அரை மணி நேரம்தான் முன்னே பின்னே போகும் என்பதால், போட்டோசெல்லே வேண்டாம், டைமர் போதும் என்பது என் கட்சி.

அறிகுறி: சோப்பு போட்டுக்கொண்டிருக்கும்போது இருட்டிவிட்டது

குளியலறையில் உடல் வெப்பத்தைப் பார்க்கும் சென்சார் மாட்டியிருப்பார்கள். அது தடுப்புச் சுவருக்குப் பின்னால் பார்க்காது. காற்று 32 டிகிரியில் நிற்கும் பிற்பகலில் தோலுக்கும் சுவருக்கும் வித்தியாசமே அதற்குச் சரியாகத் தெரியாது. நேரத்தைப் பதினைந்து நிமிடமாகக் கூட்டுங்கள், அல்லது ஒவ்வொரு தடுப்புக்கு மேலும் ஒன்று வையுங்கள். விளக்கு அணையவே இல்லையென்றால் தொடக்க மின்னோட்டத்தில் சென்சாரின் ரிலே ஒட்டிக்கொண்டுவிட்டது. எல்இடி சுமைக்கான சென்சார் வாங்க வேண்டும்.

அறிகுறி: தொலைநோக்கியில் பூஞ்சை

இது விளக்குக் கோளாறு என்று யாரும் நம்மைக் கூப்பிடமாட்டார்கள். ஈரம் சேராமல் இருக்க, பழைய அலமாரிக்குள் ஒரு சின்னக் குண்டு பல்பை எந்நேரமும் எரியவிடுவது பழைய பழக்கம். அதை எல்இடியாக மாற்றினால் வெளிச்சம் இருக்கும், சூடு இருக்காது. சில வாரத்தில் லென்ஸில் வெள்ளை நூல் படரும். அலமாரியில் பல்பைப் பார்த்தால் எதற்கு என்று கேட்டுவிட்டு மாற்றுங்கள். சரியான பதில், ஈரம் உறிஞ்சும் மின் அலமாரி.

கழற்றிய டியூப்கள்

ஒவ்வொன்றிலும் பாதரசம் இருக்கிறது. எண்ணி, நீள அட்டைப்பெட்டியில் படுக்க வைத்து, மின்கழிவு எடுப்பவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். 2021 ஜூலையில் தொடங்கிய மின்கழிவுத் திட்டத்தில் விளக்குகளும் அடக்கம். உடைந்துவிட்டால் எல்லோரையும் வெளியே அனுப்பி, ஏர்கானை அணைத்து, ஜன்னலைத் திறந்து பத்து நிமிடம் விடுங்கள். துடைப்பமும் வேண்டாம், வேக்குவமும் வேண்டாம். கையுறை போட்டு, கெட்டி அட்டையால் அள்ளி, மிச்சத்தை டேப்பால் ஒற்றியெடுத்து, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். டேப்பையும் அதே டப்பாவில்.